நானாவுக்குச் சொன்ன தொகை

எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கு அரசாங்க வேலை கிடைத்தால் எந்த இடம், என்ன வேலை என்று யாரும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். எவ்வளவு சம்பளம் என்பதுதான் முதல் கேள்வி. தாதி நியமனக் கடிதம் என் கைக்கு வந்த கிழமை பாலாவிச் சந்தியில் மரக்கறி விற்பவர் கேட்டார். பஸ் கொண்டக்டர் மிச்சக் காசைத் தந்துகொண்டே கேட்டார். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில், ஆலங்குடாக் கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர், காலில் நான் மருந்து கட்டிக்கொண்டிருக்கும்போது அவரும் கேட்டார். உங்களுடைய பட்டம் எவ்வளவு என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சொன்ன விலையைக் கேட்ட பிறகு அவருடைய கட்டைக் கொஞ்சம் இறுக்கமாகப் போட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் நான் வைத்திருந்த பதில் ஒன்றுதான். "அல்லாஹ் தந்தது போதும்." அதோடு அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள்.

நானாவை மட்டும் அப்படித் தட்டிக்கழிக்க முடியவில்லை. என் ஒரே அண்ணன் அவர். கத்தாருக்குத் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டப் போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தது. அவர் போகும்போது நான் ஒன்பதாம் வகுப்பு. வாப்பா உப்பளத்தில் மூட்டை ஏற்றி ஏற்றி முதுகு விட்டுப்போய்க் கட்டிலோடு கிடந்த காலம் அது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். விற்றுச் சாப்பிட ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடு போட்டது, வாப்பாவின் முதுகுக்கு வைத்தியம் பார்த்தது, என்னைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பியது, தங்கச்சியின் டியூஷன், எல்லாமே அந்தப் பவுசரில் வந்தவைதான்.

இடையில் நானாவுக்குக் கல்யாணமும் நடந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் இருப்பார். நானாவுக்கு அந்த வீடு கனமூலையில். இருப்பார் என்று சொல்வது பேச்சுக்குத்தான், அவர் இருந்த நாட்களை விரலை மடக்கியே சொல்லிவிடலாம். மகளுக்கு இப்போது ஆறு வயது. அவளுக்கு வாப்பா என்றால் போன். போனைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவாள், ஆட்டுக்குட்டிக்கு முன்னால் பிடிப்பாள், "வாப்பா, இது நேத்துப் பொறந்தது" என்பாள். போன தடவை நானா லீவில் வந்தபோது நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பிள்ளை மூன்று நாள் அவருக்குப் பக்கத்தில் வரவே இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் உம்மாவின் போனை வைத்துக்கொண்டு இருந்தாள். நானா ஹோலில் கதிரையில் இருந்துகொண்டு, நாலடி தூரத்திலிருந்த தன் மகளுக்குக் கோல் எடுத்துத்தான் கதைத்தார். அவளும் உள்ளேயிருந்து கலகலவென்று கதைத்தாள். மூன்றாவது கிழமை மடியில் வந்து ஏறினாள். நாலாவது கிழமை நானா பிளேன் ஏறிவிட்டார்.

அன்று எனக்கு யார் மேல் கோபம் என்றே தெரியாத ஒரு கோபம் வந்தது. பயிற்சிக் கல்லூரிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நானாவுக்கு வொய்ஸ் அனுப்பினேன். நான் பாஸ் பண்ணி வேலைக்கு வந்த பிறகு நீங்கள் அங்கே ஒரு நாளும் நிற்கத் தேவையில்லை, வீட்டை நான் பார்ப்பேன் என்றேன். எனக்கு வாய் நீளம். பிறகும் அதைப் பல தடவை சொன்னேன்.

நானாவின் கம்பனி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு தாளை நீட்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருடம். போடாவிட்டால் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் ஏப்ரல் தொடக்கத்தில் வேலையில் சேர்ந்தேன். நானாவின் தாளுக்குக் கடைசி நாள் ஏப்ரல் முப்பது.

"சம்பளம் வந்தோடன சொல்லு," என்றார் நானா. "கைக்கி எவ்வளவு வருதெண்டு மட்டும் சொல்லு. அதப் பாத்து நான் முடிவெடுக்கிறன்."

ஊருக்கு வந்தால் பாலாவியில் லொறி ஓட்டலாம் என்பது அவருடைய எண்ணம். லொறி ஓட்டினால் வரும் கூலியில் மகளையும் மதினியையும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டையும் அதே லொறியில் ஏற்ற முடியாது. ஆகவே என் சம்பளம் எங்கள் வீட்டுக்குப் போதுமா போதாதா என்பதில்தான் எல்லாம் நின்றது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளம் இரண்டு மூன்று மாதம் இழுபடுவது வழக்கம். எங்கள் காரியாலயத்தில் சம்பளம் எழுதும் லிகிதர் சுறுசுறுப்பான மனுஷி, அந்த மாதமே போட்டுவிட்டார். இருபத்தைந்தாம் திகதி காலையில் சம்பளச் சிட்டை கையில் கிடைத்தது. மருந்து அறைக்குள் போய் நின்று பிரித்தேன்.

தொகையை இங்கே எழுதப் போவதில்லை. மூன்று வருடம் படித்து, இரவும் பகலும் நின்று, ஊசியும் குளுக்கோஸும் மலமும் சலமும் பார்க்கும் ஒருத்தியின் ஆரம்பச் சம்பளம் அது. அதை எழுதினால் எனக்கு இப்போதும் மூக்கு விடைக்கும். அதிலும் கழிவுகள் வேறு. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கென்று ஒரு வெட்டு. மாப்பிள்ளையே பார்க்காத எனக்கு, நான் மௌத்தான பிறகு மிஞ்சப்போகும் அநாதைகளுக்காக இப்போதே வெட்டியிருந்தார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாப்பாவின் மருந்து, தங்கச்சியின் வகுப்பு, கரண்ட் பில், சாப்பாடு என்று மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். எப்படி அடுக்கினாலும் மாதத்தின் மூன்றாவது கிழமையிலேயே காசு முடிந்துபோனது.

அன்று பின்னேரம் நானா எடுத்தார். பவுசரை எங்கோ நிறுத்திவைத்துவிட்டு எடுத்திருக்க வேண்டும், பின்னால் எஞ்சின் இரைந்தது.

"என்ன புள்ள, வந்திச்சா?"

"ஓம் நானா, வந்திச்சு."

"கைக்கி எவ்வளவு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. ஆனால் சாத்திய கதவும் ஹோலில் கிடந்த கதிரையும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சிட்டையில் இருந்ததோடு அதில் அரைவாசியையும் கூட்டி ஒரு தொகையைச் சொன்னேன்.

நானா எஞ்சினை நிறுத்தினார். "மெய்தானா?" என்றார்.

"மெய்தான் நானா. அவ்வளவும் கைக்கி வருது." தொகையை இன்னொரு தரம் சொன்னேன்.

"சரி, அப்ப நான் சைன் வெக்கல்ல," என்றார். "உம்மாக்கிட்டச் சொல்லு."

உம்மாவிடம் சொன்னேன். உம்மா அப்படியே தரையில் நெற்றியை வைத்து சஜ்தா செய்தார். வாப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, என்னைக் கிட்டக் கூப்பிட்டு, தலையில் கையை வைத்தார். வாப்பா அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை. எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

அந்த மே மாதத்தை நான் எப்படிக் கடத்தினேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். கன்டீனில் சாப்பிடுவதை விட்டேன், வீட்டிலிருந்து பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போனேன். வேலை முடிந்த நேரத்தில் தனியார் கிளினிக் ஒன்றில் நிற்கலாமா என்று விசாரித்தேன். அங்கே தருவதாகச் சொன்ன காசு பஸ்ஸுக்கே போய்விடும். கடைசி நாள் கடந்து, நானா தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்து, ஜூலையில் வருவதற்கு டிக்கட்டும் போட்டாயிற்று. ஒவ்வொரு நாளும் மகளிடம் எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனமூலையில் மதினி வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் மட்டும் தலையில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் வந்து இரண்டு மாதத்தில் உண்மை வெளியே வரும், அதற்குப் பிறகு அந்தக் கம்பனி அவரைத் திரும்ப எடுக்காது. பத்து வருடம் எங்களைத் தாங்கின மனுஷனை நானே நடுத்தெருவில் நிறுத்தப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

ஜூனில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. எங்கள் வார்ட்டில் எனக்கு ஒரு வருடம் மூத்த ஒரு தாதி இருந்தார். சிலாபப் பக்கத்துச் சிங்களப் பெண், தமிழும் நன்றாகக் கதைப்பார். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தன் பாஷையில் நங்கி, தங்கச்சி, என்பார். பெருநாளன்று எனக்கு லீவு எடுத்துத் தந்து, தன் டியூட்டி முடிந்த பிறகு என் டியூட்டியையும் அவரே பார்த்தார். அதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டுக்கு அவரும் இன்னும் மூன்று பேரும் லீவில் போனபோது, அந்த வாரம் முழுக்க அவர்களுடைய இடத்தில் நான்தான் நின்றேன். காலை டியூட்டி முடிந்து பின்னேர டியூட்டி, பின்னேரம் முடிந்து இரவு. மே மாதம் வெசாக்குக்கும் அப்படித்தான். சிரித்துக்கொண்டுதான் நின்றேன். நானா வருவாரா, வந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் இருந்து மண்டையைக் குடைவதைவிட வார்ட் நல்லது.

பெருநாள் முடிந்து ஒரு பெரிய டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுபோனேன். அக்கா மேசையில் இருந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். ஓவர்டைம் படிவம். டப்பாவை வைக்கக் குனிந்தபோது என் கண் அதில் விழுந்தது. பெருநாள் திகதிக்கு நேரே எனக்காக நின்ற அத்தனை மணித்தியாலத்தையும் எழுதியிருந்தார்.

எனக்கு ஏறிவிட்டது.

"என்ட பெருநாளுக்குமா அக்கா காசு எழுதுறீங்க?" என்றேன். "நான் உங்கட புத்தாண்டுக்கு ஒரு கிழமை நிண்டனே. ஒரு சதம் கேட்டனா?"

அக்கா பேனையைக் கீழே வைத்தார். "நீ எழுதல்லியா?"

"என்னத்த எழுதுற?"

"ஏப்ரல் ஓ.டி. வெசாக் ஓ.டி. நங்கி, நீ ஃபோம் குடுக்கல்லியா?"

நான் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் என்பதே என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. ஓவர்டைம் என்று ஒன்று இருப்பது தெரியும், இல்லாமல் இல்லை. பொறுப்பான சிஸ்டர் யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு அதைப் பங்கு போட்டுக் கொடுப்பார், புதியவளுக்கு அது எட்டாது என்று எண்ணியிருந்தேன். பயிற்சிக் காலத்தில் எத்தனையோ நாள் மேலதிகமாக நின்றிருக்கிறோம், அதற்கு யாரும் ஒன்றும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் அதுகூட முழுக் காரணம் இல்லை. எங்கள் வேலிக்குப் பின்னால் ஒரு சிங்களக் குடும்பம் இருக்கிறது. புத்தாண்டுக்கு அவர்கள் வேலிக்கு மேலால் கொக்கிஸும் பணியாரமும் நீட்டுவார்கள், பெருநாளைக்கு நாங்கள் அதே பீங்கானில் வட்டிலப்பம் வைத்துத் திருப்பிக் கொடுப்போம். அதில் எத்தனை கொக்கிஸ் இருந்தது என்று யாராவது எழுதிவைப்பார்களா? அக்காவின் புத்தாண்டுக்கு நான் நின்றதும் அந்தப் பீங்கான் மாதிரித்தான் என்று எடுத்துக்கொண்டேன். அதை ஒரு படிவத்தில் எழுதிக் காசு கேட்பது அசிங்கம் என்று தோன்றியிருந்தது.

இதை அக்காவிடம் சொன்னேன். அவருக்கு வந்ததே ஒரு கோபம். எனக்கு வந்ததைவிடப் பெரியது.

"பயித்தியமா நங்கி? எனக்கு லீவு தந்தது ஆஸ்பத்திரி. அந்த எடத்துல வேல செஞ்சது நீ. காசு தாறது அரசாங்கம். நான் என்ன என்ட பேர்ஸுல இருந்தா தாற? நீ எழுதாட்டி எனக்கா அது வாற?" கதைத்துக்கொண்டே இரண்டு வெறும் படிவத்தை இழுத்து என் முன்னால் போட்டார். "இப்ப எழுது. நீ எழுதி முடியும் வரைக்கும் நான் வட்டிலப்பம் சாப்பிட மாட்டன்."

கையெழுத்துப் புத்தகத்தை எடுத்து வந்தோம். நான் வந்த நேரமும் போன நேரமும் ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தோடு அதில் இருந்தன. ஏப்ரலின் பக்கங்களை அக்கா வாசித்தார், நான் எழுதினேன். படிவத்தில் வரிசைகள் போதவில்லை, இன்னொரு தாளை ஒட்டினோம். பொறுப்பான சிஸ்டர் கையெழுத்துப் போடும்போது தலையில் அடித்துக்கொண்டார். லிகிதர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, இவ்வளவு பிந்திக் கொண்டுவந்தால் அடுத்த மாதம்தான் போடலாம், அதுவும் நிலுவையாக என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் முடியாது என்று சொல்லாததே எனக்குப் போதும்.

ஓவர்டைம் காசு சம்பளத்தோடு வராது, வேறு ஒரு நாளில் தனியாக வரும். ஜூலை நடுப்பகுதியில், பாலாவிக்கு வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது வங்கியிலிருந்து போனுக்குச் செய்தி வந்தது. கம்பியைப் பிடித்த கையை விட்டுவிட்டு வாசித்தேன். பிரேக் அடித்தார்கள், முன்னால் இருந்த மனுஷியின் மடியில் விழுந்தேன். அந்த மனுஷியிடம் மன்னிப்புக் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிக்கொண்டு கூட்டிப் பார்த்தேன். நிலுவையை மாதத்துக்கு மாதம் பிரித்து, ஒரு மாதத்துக்கு உரியதைச் சம்பளச் சிட்டையின் தொகையோடு சேர்த்தேன். நானாவிடம் நான் சொன்ன பொய்க்கு எழுநூறு ரூபாய் சொச்சம்தான் குறைந்தது. திருப்பித் திருப்பிக் கூட்டினேன். வார்ட்டில் ஆள் பற்றாக்குறை, மேலதிக டியூட்டிக்கு எந்த மாதமும் குறைவிருக்காது. மூன்று மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. உம்மா கதவைத் தட்டி என்ன சத்தம் என்று கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மேலதிகமாக நிற்காமலே அந்தக் காசு வர வேண்டும் என்பது வேறு கதை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு நான் யாரோடும் சண்டை பிடிக்கும் நிலையில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மட்டும் சொன்னேன்.

நானா அந்த மாதக் கடைசியில் வந்து இறங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நான் கனமூலைக்குப் போனேன். சம்பளச் சிட்டையையும் ஓவர்டைம் சிட்டையையும் பேக்கில் பத்திரமாக வைத்திருந்தேன். பொய் மெய்யாகிவிட்டது, இனி அதை மறைத்து வைக்க வேண்டியதில்லை. நானா ஹோலில் அதே கதிரையில் இருந்தார். கழுத்து வரை வெயிலில் கறுத்திருந்தார், முன்முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. இரண்டு சிட்டையையும் அவர் மடியில் வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வட்டிலப்பம் வரைக்கும் சொன்னேன்.

நானா சிட்டைகளைப் பார்க்கவே இல்லை. மடித்து என்னிடம் தந்தார்.

"அண்டைக்கே தெரியும் புள்ள," என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்கட கேம்புல குருணாகல்காரன் ஒருத்தன் இரிக்கான். அவன்ட தங்கச்சியும் நர்ஸ்தான். புதுசாச் சேந்தாக்களுக்கு எவ்வளவு எண்டு நான் ஏலவே கேட்டு வெச்சிருந்தன். நீ சொன்னது அதுல ஒண்டரை மடங்கு. அதையும் ரெண்டு தரம் சொன்னாய். மெய்யெண்டா நீ ஒரு தரம் சொல்லிட்டு சண்டைக்கி வருவாய்."

"தெரிஞ்சும் ஏன் நானா சைன் வெக்காம வந்தீங்க?"

நானா சாரத்தின் விளிம்பை நீவிக்கொண்டிருந்தார். "நீ சின்ன வயசுல இருந்து எனக்குப் பொய் சொன்னதில்ல," என்றார். "நீயே பொய் சொல்லிக் கூப்புட்றாய் எண்டா, இனி அங்க நிக்கப்படாது எண்டு வெளங்கிச்சு. லொறி ஓடலாம், கல்லுடைக்கலாம். அதப் பாத்துக்கலாம்."

சிட்டைகளைப் பேக்குக்குள் திணித்தேன். திட்டுவதற்கென்று ஒன்றும் அகப்படாத முதல் தடவை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த நேரம் அறைக்குள்ளிருந்து மகள், "வாப்பா!" என்று கூப்பிட்டாள்.

நானாவின் கை தன்னால் சேர்ட் பொக்கட்டுக்குப் போய்ப் போனைத் தொட்டது. தொட்ட கையை எடுத்துக்கொண்டு எழும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.